குழந்தை மாடலிங் சேவைகள்: சென்னையில் நாங்கள் பார்த்த இரண்டு இடங்களின் மதிப்பீடு

எங்கள் மகளுக்கு 6 வயது. துணிக்கடை விளம்பரங்களில் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுத் தானும் அப்படி நிற்க வேண்டும் என்று அவள் விடாமல் கேட்கத் தொடங்கினாள். யாரை அணுகுவது, எவ்வளவு செலவாகும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக்கூடாது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் தெளிவாகச் சொல்லும் தமிழ்க் குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே இந்தச் சேவையை அளிக்கும் இரண்டு இடங்களை நாங்கள் நேரில் போய்ப் பார்த்ததையும், அவற்றுள் ஒன்றின் வழியாக மகள் விளம்பரங்களில் நடித்ததையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இரண்டு இடங்களின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை; இரண்டும் இந்தத் தொழிலில் பரவலாகக் காணப்படும் இரு வகைகள் என்பதால், வாசிப்பவர்கள் தங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொள்வதுதான் முக்கியம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை மாடலிங் சேவை ஒன்றின் தரத்தை அது எடுத்துக் கொடுக்கும் அழகான படங்களை வைத்து எடைபோடக் கூடாது. படப்பிடிப்பு நாளில் பிள்ளையின் நேரத்தை யார் கணக்கு வைக்கிறார்கள், பிள்ளை ஈட்டிய பணம் பிள்ளையின் பெயருக்குப் போய்ச் சேருகிறதா, பிள்ளை முடியாது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்ற மூன்றையும் வைத்தே எடைபோட வேண்டும். இந்த அளவுகோலில் முதல் இடம் முற்றிலும் தோற்றது. இரண்டாவது இடம், சில கடுமையான குறைகளோடு, தேறியது.

முதல் இடம் வடபழனிப் பக்கம் இருக்கும் ஒரு ஸ்டூடியோ. போர்ட்ஃபோலியோ எனப்படும் படத்தொகுப்பு, மேடையில் நடக்கும் பயிற்சி, கேமரா முன் பேசும் பயிற்சி, விளம்பர நிறுவனங்களுக்குப் படங்களை அனுப்புதல் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். வரவேற்பறையின் சுவர் முழுக்கக் குழந்தைகளின் பெரிய படங்கள். ஆனால் அந்தப் படங்களில் எது ஸ்டூடியோவுக்குள் எடுத்தது, எது உண்மையில் வெளிவந்த விளம்பரத்தில் இடம்பெற்றது என்று கேட்டபோது நேரான பதில் வரவில்லை. மகளைப் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாத நிலையில், அவள் முகம் கேமராவுக்கென்றே அமைந்தது என்றார்கள். அடுத்த அறையில் இருந்த குழந்தையின் பெற்றோரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னது கதவு வழியாக எங்களுக்குக் கேட்டது. தொகுப்பின் விலை 45,000 ரூபாய். அன்றைக்கே முன்பணம் கட்டினால் 10,000 ரூபாய் தள்ளுபடி. மறுநாள் வந்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது. நீட்டிய படிவத்தில், கட்டிய தொகை எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்ற வரியும், வாய்ப்புக் கிடைப்பதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரியும் அடுத்தடுத்து இருந்தன. என் கணவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் வைத்து நிதானமாகப் படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். படிவத்தை வெளியே கொண்டுபோக முடியாது என்று சொல்லி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடப்போகிறவர் படித்துப் பார்க்கக்கூடாத ஓர் ஒப்பந்தத்தில் பெற்றோருக்குச் சாதகமாக எதுவும் இருக்க வாய்ப்பில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அந்த ஸ்டூடியோவின் படங்கள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. அவை நல்ல படங்கள்தான். ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை விலையுயர்ந்த போர்ட்ஃபோலியோ என்பதே பயனற்ற செலவு என்பதை, இத்துறையில் உண்மையாக வேலை செய்பவர்களிடம் பேசியபோது புரிந்துகொண்டேன். பெரியவர் ஒருவரின் படம் இரண்டு ஆண்டுகள் செல்லும். குழந்தையின் படமோ ஆறு மாதத்தில் பழையதாகிவிடுகிறது: உயரம் கூடுகிறது, கன்னத்தின் சதை வடிகிறது, 6 வயதை ஒட்டி முன்பற்கள் விழத் தொடங்குகின்றன. குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைகளை விளம்பரப்படுத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே ஓர் அளவில்தான் மாதிரி உடைகளைத் தைத்து அனுப்புகின்றன. அந்த உடைக்குள் பொருந்தும் பிள்ளைதான் அவர்களுக்குத் தேவை. கடந்த ஆண்டு கனமான ஒப்பனையோடு எடுத்த படத்தைப் பார்த்து இதை யாராலும் முடிவு செய்ய முடியாது. பெற்றோரின் ஆசையை நம்பி நடக்கும் இந்தப் போர்ட்ஃபோலியோ வியாபாரத்துக்கு வருமானம் பெற்றோரிடமிருந்தே வந்துவிடுவதால், பிள்ளைக்கு வேலை வாங்கித் தரவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

இரண்டாவதாக நாங்கள் அணுகியவர் ஒரு கோஆர்டினேட்டர். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறைதான் அவருடைய அலுவலகம். முன்பு விளம்பரப்பட நிறுவனங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர். இப்போது குழந்தைகளையும் முதியவர்களையும் விளம்பரங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். பதிவுக் கட்டணம் என்று எதையும் அவர் வாங்கவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைத்து, பணம் வந்த பிறகு அதில் 20 விழுக்காடு அவருடைய கமிஷன். வேலை கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. இந்த ஒரு ஏற்பாடே அவருடைய நலனையும் எங்கள் நலனையும் ஒரே பக்கம் நிறுத்திவிடுகிறது.

அவர் எங்களிடம் கேட்டவை மிக எளிமையானவை. பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவருக்கு முன்னால், ஒப்பனை இல்லாமல், கைப்பேசியில் எடுத்த நான்கு படங்கள்: நேர் முகம், பக்கவாட்டு முகம், சிரித்த முகம், முழு உருவம். அரை நிமிடத்துக்குள் பிள்ளை தன் பெயரையும் வயதையும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றையும் சொல்லும் ஒரு வீடியோ. உயரம், மார்பளவு, இடுப்பளவு, காலணி அளவு. பொட்டும் கண்மையும்கூட வேண்டாம் என்றார். தலைமுடியை இழுத்துப் பின்னாமல் இயல்பாக விடச் சொன்னார். மாதம் ஒருமுறை உயரத்தையும், பல் விழுந்தால் அந்தச் செய்தியையும் உடனே அனுப்பச் சொன்னபோது எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது. பிறகு ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குத் தேர்வான இன்னொரு குழந்தைக்குப் படப்பிடிப்புக்கு முந்தைய நாள் மேல்பல் விழுந்துவிட, அந்தக் குழந்தைக்கு மாற்றாக வேறொரு குழந்தையை இரவோடு இரவாகத் தேடி அவர் அலைந்ததைக் கேட்டபோது அதன் காரணம் விளங்கியது.

இந்தத் தொழிலுக்கு ஒரு பருவக் கணக்கும் உண்டு. தீபாவளிக்கான துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்களின் படப்பிடிப்பு பண்டிகைக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை விளம்பரங்களுக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால் ஆள் எடுக்கிறார்கள். திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களுக்கு கேட்லாக் எனப்படும் ஆடைப் பட்டியலுக்கான படங்கள் வேண்டும். அவற்றில் முகத்தைவிட உடை எப்படி விழுகிறது என்பதற்கே முக்கியத்துவம். இடைப்பட்ட மாதங்களில் அழைப்பே வராமல் போகலாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அந்த அமைதியை மகளுக்கு விளக்குவது கடினமாகியிருக்கும்.

இனி இந்தச் சேவையின் உண்மையான சோதனைக்கு வருகிறேன். ஒரு துணிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்காக மகள் நடித்த நாளை நான் நெருக்கமாகக் கவனித்தேன். கால் டைம், அதாவது படப்பிடிப்புக்கு வரச் சொன்ன நேரம், காலை 7 மணி. அவளுக்குக் கொடுத்த பட்டுப்பாவாடையும் சட்டையும் ஓர் அளவு பெரிது. காஸ்டியூம் உதவியாளர் முதுகுப்பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து வரிசையாகக் கிளிப்புகளை மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதமான சட்டை. பின்னாலிருந்து பார்த்தால் இரும்புக் கிளிப்புகளின் முதுகெலும்பு. உட்கார்ந்தால் கிளிப்புகள் குத்தும் என்பதால், அவள் காத்திருக்கும் நேரத்தையும் நின்றபடியே கழிக்க வேண்டியிருந்தது. மத்தாப்பைப் பிடித்துச் சிரிக்கும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பத்து மணி தாண்டியதும் கோஆர்டினேட்டர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு நேரே இயக்குநரிடம் போனார்.

“சார், குழந்தை வந்து மூணு மணி நேரம் ஆகுது. இப்ப பிரேக் விட்டுடுங்க.”

இன்னும் ஒரே ஒரு ஷாட் என்றார் இயக்குநர். கோஆர்டினேட்டர் குரலை உயர்த்தாமல், “பிரேக் முடிஞ்சதும் எடுத்துக்கலாம் சார், பாப்பா அப்ப நல்லா சிரிப்பா” என்று சொல்லிவிட்டு, மகளின் முதுகிலிருந்த கிளிப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். விளக்குகள் அணைக்கப்பட்டன. மகள் என் மடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். அந்தக் கணத்தில்தான் இவருடைய 20 விழுக்காடு எதற்கானது என்பது எனக்கு முழுமையாகத் தெரிந்தது, ஏனெனில் முதல் வாய்ப்பு கைக்குக் கிடைத்திருக்கும் ஒரு தாயோ தந்தையோ அந்த வாக்கியத்தை இயக்குநரிடம் சொல்வது எளிதல்ல. யாரையும் பகைத்துக்கொள்ளக்கூடாது என்ற தயக்கம் நம் தொண்டையை அடைத்துவிடும்.

அவர் கேட்டது சலுகை இல்லை, சட்டம். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதற்கு முழுத் தடை வந்தது. விளம்பரம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கு நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது. 2017-ல் திருத்தப்பட்ட விதிகள் அந்த நிபந்தனைகளை விவரிக்கின்றன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர்தான் அனுமதி பெற வேண்டும். அதற்கான உறுதிமொழிப் படிவத்தோடு பெற்றோரின் சம்மதத்தையும் இணைக்க வேண்டும். அதிகபட்சம் 5 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். பள்ளிப் படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு நெறிமுறைகள், குழந்தைகளை, அதிலும் 6 வயதுக்குட்பட்டவர்களை, தீங்கு தரும் ஒளிக்கும் எரிச்சலூட்டும் ஒப்பனைப் பொருட்களுக்கும் உட்படுத்தக்கூடாது என்று மேலும் வலியுறுத்தின.

இவற்றை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதலில் பார்த்த ஸ்டூடியோவில் ஆட்சியர் அனுமதி பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் சினிமாவுக்குத்தான், விளம்பரத்துக்குத் தேவையில்லை என்று புன்னகையோடு சொன்னார்கள். அது தவறான தகவல். விளம்பரம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. கோஆர்டினேட்டரோ, அனுமதியின் நகலைத் தயாரிப்பு நிறுவனத்திடம் வாங்கி எங்களுக்குக் காட்டிய பிறகுதான் தேதியை உறுதி செய்தார். ஆனால் ஒரு சிறிய கேட்லாக் வேலைக்கு அந்த நகல் கடைசிவரை வரவில்லை. அவர் அந்த நிறுவனத்திடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டு, இதை விட்டுவிடுவோம் என்று எங்களிடமே சொன்னார். தனக்கும் வரவேண்டிய கமிஷனை இழந்து அவர் அப்படிச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பண விஷயம் அடுத்தது. அதே விதிகளின்படி, குழந்தை ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்த வேண்டும். அது குழந்தை 18 வயதை அடைந்த பிறகு குழந்தைக்கே உரியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1939-லேயே இத்தகைய சட்டம் வந்தது. ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம் சம்பாதித்ததை அவருடைய தாயும் தாயின் இரண்டாவது கணவருமே செலவழித்துவிட்டதுதான் அதற்குக் காரணம் என்பதை நினைக்கையில், இந்த விதி யாரிடமிருந்து குழந்தையைக் காக்க எழுதப்பட்டது என்பதைப் பெற்றோராகிய நாம் நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மகள் பெயரில் பான் அட்டை வாங்கி, வைப்புக் கணக்கைத் தொடங்கினோம். பிள்ளை தன் சொந்தத் திறமையால் ஈட்டும் வருமானம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படுவதில்லை என்பதையும், ஆனால் அந்தப் பணத்தை முதலீடு செய்து வரும் வட்டி சேர்க்கப்படும் என்பதையும் எங்கள் ஆடிட்டர் விளக்கினார். நாங்கள் 20 விழுக்காட்டோடு நிறுத்தாமல், போக்குவரத்துச் செலவு போக மீதம் முழுவதையும் அவள் கணக்கிலேயே போடுகிறோம்.

ஒப்பந்தத் தாள்களைப் படிக்க கோஆர்டினேட்டர் நேரம் கொடுத்தார். அவற்றில் பெற்றோர் உற்றுப் பார்க்க வேண்டியது பயன்பாட்டு உரிமை பற்றிய பத்தி: படம் எத்தனை காலத்துக்கு, எந்தெந்த ஊடகங்களில், எந்தப் பகுதிகளில் பயன்படுத்தப்படும் என்பது அங்கேதான் இருக்கும். எங்களுக்கு வந்த ஒரு தாளில் ‘எக்காலத்துக்கும், எல்லா ஊடகங்களிலும்’ என்று இருந்தது. அதை ஓர் ஆண்டு என்று மாற்றித் தரும்படி கேட்டோம், மாற்றினார்கள். குழந்தையின் முகத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் புதிய படங்களை உருவாக்கும் உரிமையைக் கேட்ட வரியை அடித்துவிடச் சொன்னோம்; சிறிய தயக்கத்துக்குப் பிறகு அதையும் செய்தார்கள். கேட்டால் மாற்றுகிறார்கள் என்பது பெற்றோர் அனைவருக்கும் தெரிய வேண்டும்.

குறைகள் சில உண்டு, அவை சிறியவையும் அல்ல. பணம் வருவது மிகவும் தாமதம். தீபாவளி விளம்பரத்தின் பணம் பொங்கல் கழிந்தே வந்தது. தயாரிப்பு நிறுவனத்துக்கு விளம்பரதாரர் கொடுத்த பிறகுதான் நமக்கு வரும் என்று கோஆர்டினேட்டர் விளக்கினாலும், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் தர அவரும் முன்வரவில்லை. ஆடிஷன்களுக்கு வரச் சொன்ன நேரத்துக்கும் பிள்ளையை உள்ளே அழைக்கும் நேரத்துக்கும் தொடர்பே இருப்பதில்லை. நடைபாதையில் பத்துப் பதினைந்து குழந்தைகள் மின்விசிறிகூட இல்லாமல் காத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் படங்களை அவர் பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி வந்தார். படங்கள் எங்கே போகின்றன என்று தெரிய வேண்டும் என நான் வலியுறுத்திய பிறகு, மகளின் படங்களை மட்டும் தனித்தனியாக அனுப்புகிறார். எல்லாக் குழந்தைகளுக்கும் அதையே வழக்கமாக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இவற்றைவிட என்னை அதிகம் வருத்தியது நிறம் பற்றிய பேச்சு. மகள் மாநிறம். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு வந்த குறிப்பில் ‘நல்ல சிவப்பான குழந்தைகள் மட்டும்’ என்றே எழுதியிருந்தது. அதை கோஆர்டினேட்டர் அப்படியே குழுவில் போட்டுவிட்டார். கருமையான நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் சருமப் பொலிவுப் பொருட்களின் விளம்பரங்களுக்காக 2014-லேயே நெறிமுறை வகுத்தது. ஆனால் விளம்பரத்துக்கு ஆள் எடுக்கும் குறிப்புகளை அந்த நெறிமுறை எட்டுவதில்லை. தமிழ்நாட்டில், தமிழ்க் குடும்பங்களுக்குத் துணியும் நகையும் விற்கும் விளம்பரங்களில், இங்குள்ள பெரும்பாலான பிள்ளைகளின் நிறத்தில் ஒரு பிள்ளையைப் பார்ப்பது அரிதாக இருப்பது பெரும் அநீதி. படிக்கத் தெரிந்த 6 வயதுக் குழந்தை அந்தக் குறிப்பை என் கைப்பேசியில் எழுத்துக்கூட்டிப் படித்தால் என்ன நினைக்கும் என்று நான் கோஆர்டினேட்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அந்தக் குறிப்பை நீக்கினார். அதன் பிறகு இத்தகைய குறிப்புகளில் நிறம் பற்றிய சொற்களை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார். தேர்வு செய்பவர்களின் மனம் அதனால் மாறிவிடவில்லை என்றாலும், பிள்ளைகளின் கண்ணில் அது படாமல் இருப்பதாவது நடக்கிறது.

பெற்றோருக்கு இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமூக ஊடகங்களில் ‘குழந்தை மாடல்கள் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் படம் அனுப்பினால், உடனே தேர்வாகிவிட்டதாகச் சொல்லி டெலிகிராம் குழுவில் சேர்த்து, உடைக்காக என்றோ வைப்புத் தொகையாக என்றோ பணம் கேட்கிறார்கள். இவற்றை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். பணம் வாங்கிக்கொண்டு சேவை தராத ஸ்டூடியோக்கள் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். படப்பிடிப்பில் குழந்தையைத் துன்புறுத்துவதைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

மூன்றாவது அளவுகோலான பிள்ளையின் விருப்பத்தைப் பற்றி நான் கவலைப்பட்டது போல நடக்கவில்லை. ஒரு பால் பொருள் விளம்பரத்தின் லுக் டெஸ்ட்டுக்கு, அதாவது தோற்றம் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, போயிருந்தபோது, வாசலிலேயே மகள் இன்றைக்கு வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். காரணம் கேட்டதற்கு, வகுப்புத் தோழியின் பிறந்தநாள் அன்றுதான் என்றாள். நான் தயங்கியபடி கோஆர்டினேட்டருக்குப் போன் செய்தேன். “கூட்டிட்டுப் போங்க மேடம், நான் சொல்லிக்கிறேன்” என்றார், அவ்வளவுதான். அடுத்த அழைப்பு வழக்கம்போலவே வந்தது. எங்கள் ஒப்பந்தம் வரும் மே மாதம் முடிகிறது. பணம் வந்துசேர வேண்டிய தேதியை எழுத்தில் தந்தால் அவரோடு இன்னும் ஓர் ஆண்டு தொடர்வோம் என்று தெரிவித்திருக்கிறோம்.